ஜன்னலை மூடி எடுத்த படங்கள்: சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு தோட்டத்து மாதா கோயில்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பட்டணத்தைத் தாண்டி, செம்பனைக்குள் நுழையும் செம்மண் சாலை ஒன்றில் பழைய மாதா கோயில் ஒன்று நிற்கிறது. சுவரின் கீழ்ப்பாதி செங்கல், மேல்பாதி பலகை, அதற்கு மேல் தகரக் கூரை. கூரையைப் பிரித்து, உட்கூரைப் பலகைகளை மாற்றி, டியூப் லைட்டுகளை எடுத்துவிட்டு எல்இடி பொருத்தப் போகிறார்கள். அதற்கு முன்னால் உட்புறம் இருக்கிறபடியே படமாகப் பதிவாக வேண்டும் என்று கோயில் கமிட்டி கேட்டது. ஈப்போவிலிருந்து வந்த நண்பரும் நானும் செப்டம்பர் கடைசியில் அந்த வேலையைச் செய்தோம்.

கோயிலின் பெயரை இங்கே எழுதவில்லை. உள்ளே பழைய சுரூபங்கள் இருக்கின்றன, வாசல் பூட்டு அதைவிடப் பழையது. அவ்வளவுதான் காரணம்.

பேராக்கில் தமிழ்க் கத்தோலிக்கர்கள் குடியேறிய கதை 1880களில் பாகான் செராய்ப் பக்கம் ரெனே ஃபே என்ற பிரெஞ்சு குரு அமைத்த குடியிருப்போடு சேர்ந்தது. பால்மரத் தோட்டங்கள் பெருகப் பெருக, தோட்டத்துக்குள்ளேயே சிறு கோயில்களும் எழுந்தன. தைப்பிங்கில் 1886இல் கட்டிய ஆல் செயிண்ட்ஸ் ஆலயத்தைப் போல இவை எந்தச் சுற்றுலாக் கையேட்டிலும் இடம்பெறுவதில்லை. பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக்கி விற்ற 'துண்டாடல்' காலத்தில் நிலம் கைமாறியது. இந்தத் தொகுதியைப் பிரதிநிதித்த துன் வீ. தி. சம்பந்தன் தொழிலாளர்களின் பணத்தைச் சேர்த்துத் தோட்டங்களை வாங்க 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது அந்தச் சூழலில்தான். அப்புறம் பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, லயங்கள் காலியாயின. கோயில் மட்டும் நிற்பதற்குக் காரணம், பட்டணத்துக்குக் குடிபோனவர்கள் திருவிழாவுக்குத் திரும்பி வருவதுதான்.

கேட்ட படங்களுக்கு இரண்டு பயன்கள். ஒன்று, மரவேலை செய்பவர் பலகை எப்படிப் பொருந்தியிருந்தது, எந்த இடத்தில் கறையான் ஏறியது என்று பார்க்க வேண்டும். இரண்டு, திருவிழா மலரில் அச்சிட வேண்டும். இவை இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரான தேவைகள் என்பது கடைசியில்தான் எல்லோருக்கும் உறைத்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

இருட்டா, இடைவெளியா

நாங்கள் போய் இறங்கியபோது உபதேசியார் எல்லா ஏற்பாடும் செய்து வைத்திருந்தார். "தம்பி, ஜன்னல் எல்லாத்தையும் தெறந்து வெச்சிருக்கேன். லைட்டையும் போட்டாச்சு. இன்னும் வெளிச்சம் வேணும்னா பக்கத்துக் கதவையும் தெறந்துடறேன்" என்றார். படம் எடுக்க வருகிறவர்களுக்கு வெளிச்சம் வேண்டும் என்று நினைப்பது நியாயம்தானே.

முதலில் அளந்து பார்த்தோம். லென்ஸின் துளையை எஃப் 8இலும், ஒளியுணர்வு அளவான ஐஎஸ்ஓவை 100இலும் நிறுத்திக்கொண்டு, ஒவ்வோர் இடத்துக்கும் எவ்வளவு நேரம் தேவை என்று குறித்தோம். பெஞ்சுகளுக்கு 4 வினாடி. பீடத்துக்குப் பின்னால் மாதா சுரூபம் இருக்கும் மாடத்துக்கு 16 வினாடி. ஜன்னல்களுக்கு மேலே பதித்த வண்ணக் கண்ணாடிக்கு 1/60 வினாடி. பக்கவாட்டு ஜன்னல் வழியாகத் தெரிந்த வெயிலடிக்கும் முற்றத்துக்கு 1/500 வினாடி. மாடத்துக்கும் முற்றத்துக்கும் இடையே 13 ஸ்டாப் (ஒளி இரு மடங்கானால் ஒரு ஸ்டாப்), அதாவது 8,000 மடங்குக்கு மேல் வித்தியாசம்.

இன்றைய கேமராக்களில் ஒளியைப் பதியும் பெரிய (முழுச்சட்ட) சென்சார்கள் அடிப்படை ஐஎஸ்ஓவில் 13, 14 ஸ்டாப் பிடிக்கும் என்று சொல்லப்படுவது உண்மைதான். ஆனால் அந்த எண்ணிக்கையின் அடிமட்டத்தில் இருப்பது புள்ளிப்புள்ளியான இரைச்சல். மரத்தின் ரேகை தெரிய வேண்டும் என்றால் 10க்கு மேல் நான் நம்ப மாட்டேன்.

அப்படியானால் வெவ்வேறு அளவில் பல படம் எடுத்து இணைத்துவிடலாமே என்று தோன்றும். இணையத்தில் கிடைக்கும் பாடங்கள் பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடுகின்றன. முக்காலியில் வை, பல அளவில் எடு, மென்பொருளில் இணை. அதில் ஒரு விஷயம் விட்டுப்போகிறது. படத்தின் சட்டத்துக்குள் கொளுத்தும் ஜன்னல் இருந்தால், அந்த ஒளி லென்ஸின் கண்ணாடிகளுக்குள் மோதிச் சிதறி, படம் முழுக்க ஒரு மெல்லிய வெள்ளைத் திரையைப் போர்த்திவிடுகிறது. நிழல் பகுதிக்கு 16 வினாடி கொடுத்தால் அந்தத் திரைக்கும் 16 வினாடி கிடைக்கிறது. நிழலுக்குள் இருக்க வேண்டிய கறுப்பு சாம்பலாகிவிடும். எத்தனை படம் இணைத்தாலும் அந்தக் கறுப்பு திரும்ப வராது, ஏனென்றால் எந்தப் படத்திலுமே அது பதிவாகவில்லை.

ஆகவே இந்த வேலையில் பிரச்சனை இருட்டு அல்ல. அசையாத பொருளுக்கு முன்னால் முக்காலி போட்டுவிட்டால் இருட்டு வெறும் காத்திருப்புதான். 4 வினாடிக்குப் பதில் 30 வினாடி. பிரச்சனை வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் நடுவில் உள்ள தூரம். அதைக் குறைக்க கேமராவில் பொத்தான் கிடையாது. கதவுத் தாழ்ப்பாளும் ஜன்னல் குச்சியும் மெயின் சுவிட்சும்தான் உண்டு, அவை உபதேசியார் கையில் இருக்கின்றன.

"எல்லாத்தையும் மூடிடலாங்க ஐயா" என்றேன்.

"மூடினா என்னா தம்பி தெரியும்?"

சரி, எல்லாவற்றையும் மூடச் சொல்லவில்லை. சட்டத்துக்குள் வரும் ஜன்னல்களை மூடினோம். கேமராவுக்குப் பின்னால் இருந்த வாசல் கதவையும், சட்டத்துக்கு வெளியே இருந்த கடைசி ஜன்னல்களையும் அகலத் திறந்தோம். பீடம் வாசலுக்கு நேர் எதிரே இருப்பதால், வாசல் வழியே வந்த ஒளி பின்னாலிருந்து போய் அதன்மேல் விழுந்தது. மாடத்துக்கு இப்போது 8 வினாடி போதும். சட்டத்துக்குள் மிஞ்சிய பளிச்சென்ற பொருள் வண்ணக் கண்ணாடி மட்டும், அதற்கு முன்போலவே 1/60. 13 ஸ்டாப் 9 ஆனது. 8 வினாடியில் தொடங்கி 2, 1/2, 1/8, 1/30 என்று ஐந்தே படங்களில் முழுக் கோயிலும் அடங்கியது.

உபதேசியார் கேமராவின் பின்திரையை எட்டிப் பார்த்துவிட்டு, "மூடுனதுக்கப்புறம்தான் கூரை தெரியுது" என்றார். இந்த ஆய்வில் நான் சொல்ல வருவதை அவர் என்னைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட்டார்.

இன்னொன்று. இந்த ஜன்னல்கள் சாய்வான பலகைச் சட்டங்களால் ஆனவை. நடுவில் உள்ள குச்சியை ஏற்றி இறக்கினால் சட்டங்கள் திரும்பும். மழை உள்ளே வராமல் இருக்க வெளிமுனையைத் தாழ்த்தி வைத்திருப்பார்கள். அந்த நிலையில் வானத்து ஒளி வராது. தரையில் பட்டுத் தெறித்த ஒளி மட்டும் கீழிருந்து மேலே ஏறி உட்கூரையில் படும். உட்கூரைப் பலகைகளின் இணைப்பைத் தனியாக எடுத்தபோது எங்களுக்கு இதைவிட நல்ல விளக்கு கிடைத்திருக்காது. கட்டியவர் படம் எடுப்பவர்களை நினைத்துச் செய்யவில்லை, மழையை நினைத்துத்தான் செய்தார்.

தலைக்கு மேல் நிற்கும் சூரியன்

தேவாலய உட்புறப் படம் என்றால் உடனே நினைவுக்கு வருவது உயரமான ஜன்னலிலிருந்து சாய்ந்து இறங்கும் ஒளிக்கற்றை. அந்தப் படிமம் ஐரோப்பாவில் உருவானது. இங்கிலாந்தில் புத்தகக் கடை நடத்திக்கொண்டிருந்து, 1898இல் கடையை விட்டுவிட்டு முழுநேரப் படக்கலைஞரான ஃபிரெடரிக் எவான்ஸ் அதில் பெரிய பெயர். வெல்ஸ் பேராலயத்தின் தேய்ந்த கல்படிகளை 1903இல் எடுத்த படம் இன்றும் பேசப்படுகிறது. நெகட்டிவில் கைவைத்துத் திருத்துவதை அவர் விரும்பியதில்லை. ஒளி சரியாக வரும்வரை காத்திருந்து, பிளாட்டினம் தாளில் அச்சிடுவார். அந்தத் தாள்தான் நிழலுக்குள் இருக்கும் சின்னச் சின்னப் படிநிலைகளைத் தாங்கியது.

வெல்ஸ் 51 டிகிரி வடக்கில் இருக்கிறது. டிசம்பரில் நண்பகல் சூரியனே தொடுவானத்திலிருந்து 15 டிகிரி அளவுக்குத்தான் ஏறும். அங்கே நாள் முழுக்கச் சாய்ந்த ஒளிதான். சுங்கை சிப்புட் ஏறத்தாழ 4.8 டிகிரி வடக்கு. இங்கே ஆண்டின் எந்த நாளிலும் உச்சிவேளைச் சூரியன் 61 டிகிரிக்குக் கீழே நிற்பதில்லை. தகரக் கூரையின் இறவாணம் நன்றாக வெளியே நீண்டிருக்கிறது. உச்சிவெயில் ஜன்னலைத் தொடக்கூட முடியாது, முற்றத்தில் விழுந்து தெறித்துத்தான் உள்ளே வர வேண்டும். அந்த ஐரோப்பிய ஒளிக்கற்றையை எதிர்பார்த்து மதியம் முழுக்கக் காத்திருந்தால் கொசுக்கடிதான் மிஞ்சும்.

நம் கடிகாரமும் கொஞ்சம் ஏமாற்றும். 1982 தொடக்கத்தில் தீபகற்பத்தின் நேரம் அரை மணி முன்னால் தள்ளப்பட்டதிலிருந்து, பேராக்கில் சூரியன் உச்சிக்கு வருவது மதியம் 1 மணிக்குப் பிறகுதான். 12 மணிக்கு எடுத்த படத்தை உச்சிவெயில் என்று குறித்து வைத்தால் பின்னால் நிழலின் திசையைப் பார்ப்பவர் குழம்புவார். பதிவுப் படங்களில் இது முக்கியம். சூரியன் ஏப்ரல் தொடக்கத்திலிருந்து செப்டம்பர் நடுப்பகுதி வரை நண்பகலில் நமக்கு வடக்கே நிற்கிறது, மற்ற மாதங்களில் தெற்கே. எனவே வடக்குச் சுவர் எப்போதும் நிழல் என்ற ஐரோப்பியக் கணக்கும் இங்கே செல்லாது.

எங்கள் கோயிலின் பீடம் கிழக்கே, வாசல் மேற்கே. காலையில் பீடத்துக்கு மேலே உள்ள வட்டக் கண்ணாடி கொளுத்தும், பீடத்தை நோக்கி எடுக்கவே முடியாது. எனவே காலை நேரத்தைப் பீடத்தருகே நின்று வாசலை நோக்கி எடுக்க வைத்துக்கொண்டோம். மாலையில் நேர்மாறு. செப்டம்பர் கடைசி என்பதால் சூரியன் கிட்டத்தட்ட நேர் மேற்கில் இறங்கியது. வாசலைத் திறந்ததும் நடுப்பாதை முழுக்க ஒரே கோடாக வெயில் ஓடிப் பீடப்படியில் ஏறியது. மார்ச்சிலும் செப்டம்பரிலும் மட்டும் நடக்கிற காட்சி இது. அழகுதான், மலரின் அட்டைக்கு எடுத்தோம். மரவேலைக்காரருக்கு அந்தப் படத்தால் ஒரு பயனும் இல்லை. வெயில் கோட்டின் இரு பக்கமும் பெஞ்சுகள் கறுப்பாகிவிட்டன.

மேகத்தைப் பற்றி ஒரு சொல். மாலை 4 மணிக்கு மேல் இடிமேகம் திரளும் பருவம் அது. மேகம் வந்தால் உள்ளே படம் எடுப்பது சுலபம் என்று பொதுவாகச் சொல்வார்கள். பாதி உண்மை. விளக்குகளை அணைத்துவிட்டுப் பகல் ஒளியில் மட்டும் எடுக்கும்போது, வெளியே இருட்டினால் உள்ளேயும் அதே அளவுக்கு இருட்டும். இடைவெளி பெரிதாகக் குறையாது. போவது வெயில் திட்டுகள் மட்டுமே. இடைவெளியே குறைய வேண்டுமானால் உள்ளே விளக்கு எரிய வேண்டும், வெளியே பொழுது சாய வேண்டும். அந்த மாதத்தில் சூரியன் 7.10 வாக்கில் மறைந்தது. நம் பக்கத்துச் சூரியன் செங்குத்தாக இறங்குவதால் அந்தி நீளாது, இருபது நிமிடத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவே. அதற்குள் ஜன்னலின் ஒளியும் விளக்கின் ஒளியும் சமமாகும் சில நிமிடங்கள் உண்டு. அப்போது ஒரே படம் போதும், எதையும் இணைக்க வேண்டாம். முக்காலியை 6.30க்கே நிறுத்தி, ஃபோகஸைக் கையால் வைத்துப் பூட்டிவிட்டுக் காத்திருந்தோம்.

சிவப்புத் தரை, பச்சைச் சுவர்

நிறம்தான் எங்களை அதிகம் அலைக்கழித்தது. வெள்ளையடித்த சுவர் எந்தப் படத்திலும் வெள்ளையாக வரவில்லை.

உள்ளே இருந்த டியூப் லைட்டுகள் 6500 கெல்வின், நீலம் கலந்த வெள்ளை. மாதா சுரூபத்தைச் சுற்றி இருந்த பழைய குண்டு பல்புகள் 2700 கெல்வின், மஞ்சள். அவற்றின்மேல் சீரியல் லைட் வேறு. இதெல்லாம் எந்த ஊர்க் கோயிலிலும் உள்ள தொல்லை. இங்கே கூடுதலாக இரண்டு. தெற்குப் பக்கம் செம்பனை கோயில் வேலிவரை வந்து நிற்கிறது. ஓலைகளில் பட்டு வரும் ஒளி பச்சை, அது விழும் வடக்குச் சுவரும் பச்சை. வாசல் பக்கம் முற்றம் செம்மண், உள்ளே தரை சிவப்புச் சாயமிட்ட சிமெண்டு. தரையிலிருந்து தெறித்த ஒளி பெஞ்சுகளின் அடிப்பகுதியையும் உட்கூரையையும் சிவக்க வைத்தது. கண் இதையெல்லாம் தானே சரிசெய்து சுவர் வெள்ளை என்று நமக்குச் சொல்லிவிடும். சென்சார் பார்த்ததைப் பார்த்தபடி சொல்லும்.

நிறத்தைச் சரிபார்க்க உதவும் சாம்பல் அட்டையை ஓர் இடத்தில் வைத்துச் சரிசெய்தால் மற்ற இடங்கள் கெட்டன. அதனால் அட்டையைப் பீடம், நடுப்பாதை, இரு சுவர்கள் என்று நான்கு இடத்தில் வைத்து எடுத்தோம். அப்புறம் பதிவுப் படங்களுக்கு உபதேசியாரிடம் சொல்லி மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டோம். டியூபும் பல்பும் போய்விட்டால் பகல் ஒளி ஒன்றுதான், அதன் சாயலைச் சமாளிக்கலாம். இடிமேகம் இங்கேதான் உண்மையில் உதவியது. வெயில் போனதும் செம்மண்ணின் தெறிப்பு பாதியாகக் குறைந்தது, ஓலைப் பச்சையும் மங்கியது. பலகைகளின் உண்மையான தவிட்டு நிறம் அந்த அரைமணி நேரத்தில்தான் கிடைத்தது.

மலருக்கான படத்தில் நான் பச்சையை முழுக்கத் துடைக்கவில்லை. சுற்றிலும் செம்பனை நிற்கும் கோயிலின் சுவரில் கொஞ்சம் பச்சை இருக்கட்டும். நண்பருக்கு இதில் உடன்பாடில்லை, சுவர் பாசி பிடித்ததுபோல் இருக்கிறது என்கிறார்.

மற்ற இடைஞ்சல்கள்

ஏசி போட்ட காரிலிருந்து இறங்கி நேரே உள்ளே போய் மூடியைத் திறந்தால் லென்ஸ் முழுக்க ஆவி படியும். துடைக்கத் துடைக்கப் படியும். பையை மூடியபடியே கோயில் திண்ணையில் வைத்துவிட்டுத் தேநீர் குடிப்பதுதான் வைத்தியம். மின்விசிறிகள் நின்றால்தான் அலங்காரத் தோரணங்கள் அசையாமல் இருக்கும், எனவே புழுக்கத்தைச் சகித்துக்கொள்ள வேண்டும். செம்பனைக் குலை ஏற்றிய லாரி சாலையில் போனால் ஜன்னல் கண்ணாடி கிணுகிணுவென்று அதிரும். 8 வினாடிப் படத்துக்கு அது போதும் கெடுக்க. லாரி சத்தம் அடங்கியபின்தான் ஷட்டரை அழுத்தினோம், அதையும் இரண்டு வினாடித் தாமதத்தில். முக்காலியில் இருக்கும்போது லென்ஸின் அதிர்வுத் தடுப்பை அணைத்துவிட வேண்டும் என்பது தெரிந்ததே. மெழுகுவர்த்திச் சுடருக்கு மட்டும் தனியே 1/30 வினாடியில் ஒரு படம். நீண்ட நேரம் கொடுத்தால் சுடர் வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும்.

தூண்கள் உள்பக்கம் சாய்ந்து விழுவதுபோல் வருவது கேமராவை மேல்நோக்கித் திருப்புவதால். கேமராவைச் சாய்க்காமலே மேல்பகுதியைப் பிடிக்கும் ஷிஃப்ட் லென்ஸ் எங்களிடம் இல்லை. 20 மி.மீ. லென்ஸைப் போட்டு, கேமராவை நீர்மட்டம் வைத்து நேராக நிறுத்தி, கூடுதலாக வந்த தரைப் பகுதியை அப்புறம் வெட்டினோம். மென்பொருளில் நிமிர்த்துவதைவிட இது மேல், ஏனென்றால் நிமிர்த்தும்போது மேல்பகுதி இழுபட்டு மரத்தின் நுணுக்கம் கரைந்துவிடுகிறது. அளவு எடுக்கப் போகிறவருக்கு இழுபட்ட பலகை பொய்யான பலகை.

சிலுவைப் பாதையின் 14 படங்களும் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கின்றன. எதிரே நின்றால் படத்தில் இயேசுவோடு எதிர் ஜன்னலும் முக்காலியும் சேர்ந்து தெரியும். பிரதிபலிப்பை அடக்கும் வடிகட்டியான போலரைசர் போட்டால் சரியாகும் என்று நினைக்க வேண்டாம். கண்ணாடிப் பிரதிபலிப்பை அது நன்றாக அடக்குவது ஏறத்தாழ 56 டிகிரிச் சாய்வில் நின்று பார்க்கும்போது. நேரெதிரே நின்றால் ஒன்றும் செய்யாது, இருக்கிற வெளிச்சத்தில் ஒன்றரை ஸ்டாப்பைத் தின்றுவிடும். துணிக்கடையில் வாங்கிய கறுப்புத் துணியில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டு, கேமராவுக்கு முன்னால் திரையாகப் பிடித்தோம். இரவில், இரு பக்கமும் 45 டிகிரியில் சிறு எல்இடி பலகைகள். கண்ணாடிக்கு எதிரே இருப்பது கறுப்பு மட்டுமே என்றால் அது காட்டுவதும் கறுப்பைத்தான்.

வாசல் பக்கச் சுவரில் ஒரு நினைவுக் கல் உண்டு, எழுத்துகள் கிட்டத்தட்ட மழுங்கிவிட்டன. நேரே ஒளி பாய்ச்சினால் வெறும் கல். விளக்குகளை அணைத்து, டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துப் பக்கவாட்டில் அடித்தோம். பள்ளங்களில் நிழல் விழுந்து எழுத்து எழுந்து வந்தது. டார்ச்சை இடம், வலம், மேல், கீழ் என்று நான்கு திசையிலிருந்து அடித்து நான்கு படம் எடுத்தால், ஒன்றில் மறையும் கோடு இன்னொன்றில் தெரியும். இருட்டான கோயில் என்பதே இந்த ஒரு வேலைக்கு வசதி.

சனிக்கிழமை மாலைத் திருப்பலியில் முக்காலியும் இல்லை, ஃபிளாஷும் இல்லை என்று முன்பே பேசியிருந்தோம். பூசை நடுவில் ஃபிளாஷ் அடிப்பது ஃபாதருக்கு மட்டுமல்ல, படத்துக்கும் கேடு. அந்த இடத்தின் ஒளி போய் நம் ஒளி வந்துவிடும். எல்லா விளக்கும் எரியும்போது எஃப் 1.8, 1/100 வினாடி, ஐஎஸ்ஓ 1000 போதுமாக இருந்தது. 1/100 என்பதை வேண்டுமென்றே எடுத்தோம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், பழைய டியூப் வினாடிக்கு 100 தடவை துடிக்கிறது. அதற்கு மேலே வேகமாகப் போனால், முக்கியமாகச் சத்தமில்லாத மின்னணு ஷட்டரில், படத்தின் குறுக்கே பட்டை பட்டையாக இருள் விழும். 1/100இலும் 1/50இலும் ஒவ்வொரு வரிக்கும் முழுத் துடிப்பு கிடைப்பதால் பட்டை வராது.

"என் போன்லயே நல்லா வருதே"

இணைக்கும் வேலையில், பல அளவில் எடுத்த படங்களை மென்பொருளே சேர்த்துவிடும் தானியங்கி எச்டிஆரை முதலில் ஓட்டிப் பார்த்தோம். கோயில் கல்யாண மண்டபம் மாதிரி ஆகிவிட்டது. மாடத்துக்குள்ளும் பெஞ்சுக்கு அடியிலும் ஒரே வெளிச்சம், எது முன்னால் எது பின்னால் என்று தெரியவில்லை. எனவே ஐந்து படங்களில் மூன்றை மட்டும் எடுத்து அடுக்கி, கண்ணாடிக்கு ஒன்று, பெஞ்சுக்கு ஒன்று, மாடத்துக்கு ஒன்று என்று கையால் முகமூடி போட்டு இணைத்தோம். மாடத்தைப் பெஞ்சைவிட ஒரு ஸ்டாப்புக்கு மேல் தாழ்த்தியே விட்டேன். அங்கே அப்படித்தான் இருக்கிறது.

கமிட்டிக் கூட்டத்தில் போட்டுக் காட்டியபோது, கோயிலைக் கூட்டிப் பெருக்கிப் பூ வைக்கும் பாட்டி ஒருவர் கேட்டார். "ஏன் தம்பி இவ்ளோ இருட்டா இருக்கு? என் போன்ல எடுத்தாலே இத விட வெளிச்சமா வருதே."

போனின் இரவுப் பயன்முறை பல படங்களை அடுக்கி நிழல்களைத் தூக்கி விடுகிறது, அது உண்மையல்ல என்று பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் பாட்டி சொன்னதில் நியாயம் இருந்தது. வெயிலிலிருந்து உள்ளே நுழைகிறவருக்குக் கோயில் இருட்டு. கண் இருளுக்கு முழுதாகப் பழக இருபது, முப்பது நிமிடம் ஆகும். அவர் அங்கே மணிக்கணக்கில் இருப்பவர். மாதாவின் முகம் அவருக்குத் தெளிவாகத் தெரிகிற ஒன்று. நாங்கள் எடுத்தது வாசலில் நின்ற விருந்தாளியின் கோயில். அவர் கேட்டது உள்ளே உட்கார்ந்திருப்பவரின் கோயில். இரண்டில் எது உள்ளது உள்ளபடி என்று வெளிச்சமானி சொல்லாது.

எனக்கு இன்னும் மாடத்தில் நிழல் வேண்டும். அந்த நிழலுக்குள் மெழுகுவர்த்தி நின்றால்தான் அதற்கு மரியாதை. ஆனாலும் மலருக்கான படங்களில் மாதாவின் முகத்தை மட்டும் அரை ஸ்டாப் தூக்கினேன், பின்சுவரைத் தொடவில்லை. பாட்டி பார்த்துவிட்டு, "இப்ப பரவால்ல" என்றார். முழுச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

ஆக, இரண்டு தொகுப்பு கொடுத்தோம். பதிவுத் தொகுப்பில் நிழலே கூடாது என்ற கணக்கில், சுவர் சுவராக, ஒரே அளவு ஒளியில், சாம்பல் அட்டையும் அளவுகோலும் ஓரத்தில் தெரியும்படி எடுத்த படங்கள். பார்க்க அழகில்லை, கறையான் போன இடம் மட்டும் நன்றாகத் தெரிகிறது. மலர்த் தொகுப்பில் இருளோடு கூடிய படங்கள். ஒரே படத்தால் இரண்டு பயனையும் சாதிக்கப் பார்ப்பது வீண் என்பது என் தீர்மானமான கருத்து. ஒன்றுக்குத் தேவையான நிழல் மற்றதற்குக் குற்றம்.

ஒவ்வொரு பதிவுப் படத்தோடும் ஒரு வரிக் குறிப்பு வைத்தோம். நேரம், வானம் எப்படி, எந்த ஜன்னல் திறந்தது, எது மூடியது, மெயின் சுவிட்ச் போட்டிருந்ததா. எஃப் எண்ணும் வினாடியும் கோப்புக்குள்ளேயே பதிவாகிவிடும், ஜன்னல் விவரத்தை எந்தக் கேமராவும் எழுதிவைக்காது. 2005ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டத்தின் கீழ்ப் பதிவான கட்டடம் அல்ல இது. பழுதுபார்க்கும்போது வந்து மேற்பார்க்க யாரும் வரப்போவதில்லை, இந்தக் கோப்புகளைத்தான் மரவேலைக்காரர் விரித்து வைத்துக்கொள்வார். கேமரா பதிந்தபடியே உள்ள ரா கோப்புகளும், திருத்தி முடித்த 16 பிட் டிஃப் கோப்புகளும் இரண்டு வட்டுகளில் இருக்கின்றன, ஒன்று பங்குக் கோயில் அலமாரியில், மற்றது கமிட்டிச் செயலாளர் வீட்டில்.

புது விளக்குகளைப் பற்றியும் கேட்டார்கள். 3000 கெல்வின், நிறம் காட்டும் எண் 90க்கு மேல், எல்இடிக்கு மின்சாரம் தரும் துடிப்பில்லாத டிரைவர் என்று எழுதிக் கொடுத்தேன். பெஞ்சுப் பகுதிக்கு 6500 கெல்வின் விளக்குகளை ஏற்கெனவே வாங்கிவிட்டார்களாம். பீடத்துக்கு மட்டும் 3000 போடுவதாக மின்வேலைக்காரர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.